அப்பா நம்பர் சொல்லு

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒருவருடைய விவரத்தை அவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள். அவர் என் விவரத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார் என்பதற்காக நானும் அதையே செய்தால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? கல்லூரியின் பெயரும் வேண்டாம். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருக்கிற கல்லூரிகளில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் எல்லோரும் அவரை ஆபீஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கல்லூரி அலுவலகத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதன் அடியில் கை நுழைகிற அளவுக்கு அரைவட்டமாக ஓர் ஓட்டை. ஆபீஸ் அக்கா அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். முதல் வருடம், பஸ் பாஸ் எடுப்பதற்காக போனஃபைடு சான்றிதழ் கேட்டு அந்த ஓட்டைக்கு எதிரே குனிந்து நின்றேன். என் ரோல் நம்பரைச் சொன்னேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

“அத வுடு பாப்பா. அப்பா நம்பர் சொல்லு.”

“எதுக்கு மேடம்?”

“அப்பா நம்பர் சொன்னாத்தானே நீ யாருன்னு தெரியும்?”

அப்பாவின் செல்போன் நம்பரைச் சொன்னேன். தட்டினார். என் பெயர், துறை, பிறந்த தேதி, வீட்டு முகவரி, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் எல்லாம் திரையில் வந்து நின்றன. “ஆங், ஃபேக்டரி பொண்ணா நீ! குவார்ட்டர்ஸா?” என்றார். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாட ஃபேக்டரியில் வேலை, அதன் குவார்ட்டர்ஸில்தான் எங்கள் வீடு. அன்றிலிருந்து படித்து முடிக்கும்வரை நான் ஃபேக்டரி பொண்ணு. எனக்கு முன்னால் நின்றவன் கரையான்சாவடி ஹார்டுவேர் கடைப் பையன். பின்னால் நின்றவள் ஸ்கூல் வேன்காரர் பொண்ணு. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கல்லூரியில் எல்லாமே ஆன்லைன் ஆகிவிட்டது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு வேலைக்காக என் மார்க் ஷீட்டின் நகல் தேவைப்பட்டது. வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்து, எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, கடைசியாக ஒரு பொத்தானை அமுக்கினேன். ஓடிபி அனுப்பப்பட்டது என்று வந்தது. யாருக்கு? அப்பாவுக்கு. அக்கா என்றைக்கோ தட்டிய அதே நம்பருக்கு. அப்பாவின் போனோ ஃபேக்டரி கேட்டில் உள்ள பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. அவர் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்து, கண்ணாடி போட்டுப் பார்த்து, எனக்குப் படித்துச் சொல்வதற்குள் அந்த ஓடிபிக்கு ஆயுள் முடிந்துவிட்டது. ஆளே போய்விட்டார், பழக்கம் மட்டும் போகவில்லை. எரிச்சலில் மடிக்கணினியை மூடினேன். அன்றைக்குத்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் புரியும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு கம்பெனி. ஏதோ ஒரு தேசத்தில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் பதிவுகளுக்கான ஹெல்ப் டெஸ்க். விடியற்காலையில் ஆரம்பித்து மதியத்தோடு முடிகிற ஷிஃப்ட். படித்து முடித்ததிலிருந்து அதுதான் என் வேலை. அங்கே முதல் நாள் சொல்லிக்கொடுத்த வாசகம் எனக்குத் தூக்கத்திலும் வரும்: ‘அந்தப் பெயரில் ஒருவர் இங்கே படிக்கிறாரா இல்லையா என்பதைக்கூட என்னால் உறுதிசெய்ய இயலாது.’ பெற்றவர்கள் கூப்பிடுவார்கள். நான்தான் ஃபீஸ் கட்டுகிறேன் என்று கத்துவார்கள். சில அம்மாக்கள் அழுவார்கள். பிள்ளை எழுத்தில் ஒப்புதல் கொடுத்திருந்தால் பேசுவேன், இல்லையென்றால் அதே வாசகம்தான். மதியம் வரை இப்படி முகம் தெரியாத பிள்ளைகளின் மார்க்கைக் கட்டிக் காப்பாற்றிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். என் மார்க் ஆபீஸ் அக்காவின் வாயில் இருந்தது.

அந்த வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடி இருப்பதால் எதிரே நிற்பவருக்குக் காது கேட்காது என்று அவராகவே முடிவு செய்துவிட்டிருந்தார். ரிசல்ட் வந்த மறுநாள் வரிசையில் ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளிவிடுவோம். “இன்னா நைனா, போன வாட்டி மூணு, இந்த வாட்டி நாலா? ஏறிகினே போறியே!” என்பார். வராந்தா முழுக்கச் சிரிக்கும். அந்தப் பையனும் சிரிப்பான், வேறு என்ன செய்வான்? “கொஞ்சம் மெதுவா சொல்லுங்கக்கா” என்று ஒருமுறை நான் கெஞ்சினேன். “மெதுவா சொல்றதுக்கு இதுல இன்னா கீது? மார்க்குதானே, திருடிகினா வந்தே?” என்றார், அதையும் உரக்க.

ஆனால் ஒரு தடவை அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டிருக்கிறேன். அப்பாவின் வேலை விவரத்தைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். “ஃபேக்டரியில எந்த செக்‌ஷன்?” என்றார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. குவார்ட்டர்ஸில் எந்த வீட்டிலும் அதைப் பேச மாட்டார்கள். அப்பா உள்ளே என்ன செய்கிறார் என்று கேட்டால், “அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா” என்பார். அம்மாவுக்கே தெரியாது. நான் தெரியாது என்றதும் அக்கா சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஓட்டைக்கு அருகில் வாயைக் கொண்டுவந்து, “கரெக்ட் பாப்பா. அது டிபென்ஸ் சமாச்சாரம். சொல்லவும் கூடாது, கேக்கவும் கூடாது” என்று கிசுகிசுத்தார். அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டார். ரகசியம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அது ஆண்களுக்கும் அரசாங்கத்துக்கும் உரியது என்று நினைத்திருந்தார்.

அப்பாக்களுக்கு அவர் தெய்வம். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மகனுடைய மார்க் ஷீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வருகிற அப்பாக்கள் உண்டு. பிள்ளை ஆங்கிலத்தில் சொன்ன பொய்யை நம்பி வருகிறவர்களும் உண்டு. அவர்களை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைப்பார். தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுப்பார். சிஜிபிஏ என்றால் என்ன என்று ஒருவர் கேட்டதற்கு, “பத்துக்கு ஏழு அண்ணே. ஒரு கிலோ கேட்டா எழுநூறு கிராம் போட்டுக் குட்த்துகிறான் உம்புள்ள. பரவால்ல, தட்ட நிறைச்சுடுவான்” என்று விளக்கினார். அந்த மனிதர் கும்பிட்டுவிட்டுப் போனார். பிள்ளைகளுக்கு அந்த நாற்காலி ஒருநாளும் கிடைத்ததில்லை. எங்களுடைய இடம் ஓட்டைக்கு வெளியே, குனிந்து.

இரண்டாம் வருடத்தில் நடந்தது இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. எங்கள் வகுப்பில் ஒரு பெண், எப்போதும் கடைசி பெஞ்சு, நன்றாகப் படிப்பாள். அவளுடைய அண்ணன் ஒருநாள் கவுன்ட்டருக்கு வந்து, தங்கச்சி எந்தக் கிழமைகளில் மதியம் லீவு போட்டிருக்கிறாள் என்று கேட்டான். அக்கா வருகைப் பதிவை எடுத்து வரிசையாகச் சொன்னார். அந்த மதியங்களில் அவள் யாரைப் பார்க்கப் போனாள் என்பதை அண்ணன் மிச்சக் கணக்கைப் போட்டுக் கண்டுபிடித்துக்கொண்டான். அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. டிசி வாங்க அவளுடைய அப்பாதான் வந்தார். அவருக்கும் நாற்காலி போடப்பட்டது.

நான் பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேன். “அக்கா, அவன்கிட்ட எதுக்கு எடுத்துக் குடுத்தீங்க? அவ படிப்பே போச்சே.”

“கூடப் பொறந்தவன் கேக்கிறான். சொல்லாம இன்னா பண்றது?”

“அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “அவகிட்டயா? அவளப் பத்திதானே கேட்டான்? அவகிட்ட எதுக்குக் கேக்கணும்?”

அதில் பொய்யோ கெட்ட எண்ணமோ இல்லை. அதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. கெட்டவராக இருந்திருந்தால் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு பிரின்சிபாலிடம் புகார் எழுதியிருப்பேன். அவர் அந்தப் பெண்ணை நினைத்து அன்று மதியம் சாப்பிடவில்லை என்று அலுவலகத்தில் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் வேறு ஒருவனுக்கு வேறு ஒருத்தியின் பதிவை எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாம் வருடம் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது. விடாத இருமல், சாயங்காலம் ஆனால் காய்ச்சல். டாக்டர் சோதனை எல்லாம் எடுத்துவிட்டு டிபி என்றார். பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் முழுசாகக் குணமாகிவிடும் என்றார். டாக்டர் பயப்படவில்லை. என் அம்மா பயந்தாள். அவளுடைய பயம் என் நுரையீரலைப் பற்றியது அல்ல. நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களைப் பற்றியது. அக்கம்பக்கத்து வீடுகளில், நான் பெரியம்மா மகளின் பிரசவத்துக்குத் துணையாக விருதுநகர் போயிருக்கிறேன் என்று சொன்னாள். நான் உள் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

அந்த செமஸ்டரை எழுத முடியவில்லை. வருடமே வீணாகிவிடும் நிலை. அப்போது ஓடியவர் ஆபீஸ் அக்கா. அப்பா மருத்துவச் சான்றிதழோடு போய் நின்றதும், “நீங்க ஊட்டுக்குப் போய் புள்ளையப் பாருங்க அண்ணே. நா பாத்துக்கறேன்” என்றாராம். துறைத் தலைவரிடம் போனார். பிரின்சிபால் அறை வாசலில் காத்துக்கிடந்தார். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய மனுவைத் தானே தட்டச்சு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, பை நிறைய சாத்துக்குடியோடு குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, “ஃபேக்டரி பொண்ணு எப்படி கீது?” என்று அவர் கேட்டது மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். அம்மா ஓடிப் போய் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“நா பாத்துக்கறேன்னு சொன்னா பாத்துக்குவேன் பாப்பா. நீ ஒடம்ப மட்டும் தேத்து” என்று என் தலையைத் தடவினார். சொன்ன மாதிரியே பார்த்துக்கொண்டார். நான் திரும்பப் போனபோது எல்லாம் தயாராக இருந்தது. விட்ட பேப்பர்களையும் சேர்த்து எழுதி முதல் வகுப்பில் தேறினேன். “தங்கமான பொம்பளம்மா அது” என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். நான் இல்லை என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாததுதான் என் கஷ்டம்.

வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில் எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒன்று அமைந்து வந்தது. கள்ளிக்குப்பத்தில் ஃபிளாட், சேலம் பக்கத்துக் குடும்பம், மாப்பிள்ளை என் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி ஐடியில் வேலை. ஜாதகம் பார்த்தாயிற்று, பொருந்திவிட்டது. நாங்கள் தனியாகவும் பேசினோம், பெரியவர்களின் சம்மதத்தோடுதான். அவனுக்கு அதிகம் பேச வராது. ஆனால் நான் பேசும்போது போனைத் தொடாமல் கேட்டான். எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று எழுதும்போது இப்போதும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

எனக்கு டிபி வந்து போனதை அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அம்மா கூடாது என்றாள். “குணமானதுதானே, அதை ஏன் கிளறுற?” என்றாள். அம்மாவுக்குத் தெரியாமல் சொல்லிவிடுவது என்று நானாகத் தீர்மானித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு காபிக் கடையில் சந்திப்பதாக இருந்தது. எப்படி ஆரம்பிப்பது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் எனக்குள் ஒத்திகை பார்த்தேன். அது என் உடம்பு. அதை எப்போது, யாரிடம், எந்தக் குரலில் சொல்வது என்பது என் கையில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

நம் பக்கத்தில் விசாரிப்பது என்று ஒன்று இருக்கிறது. பேச்சு முடிவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் கிளம்புவார். தெருமுனை மளிகைக் கடையில் கேட்பார், அயர்ன் வண்டிக்காரரிடம் கேட்பார், பெண் படித்த இடத்தில் கேட்பார். அது தப்பென்று யாருக்கும் தோன்றாது. கேட்காவிட்டால்தான் அக்கறை இல்லை என்பார்கள். அந்த வாரக் கடைசிக்குள் மாப்பிள்ளையின் தாய்மாமா எங்கள் கல்லூரிக்குப் போயிருக்கிறார்.

சனிக்கிழமை அவர்கள் வீட்டிலிருந்து அப்பாவுக்கு போன் வந்தது. ஜாதகத்தை வேறொரு ஜோசியரிடம் காட்டினார்களாம், ஏதோ இடிக்கிறதாம். அப்பா அதை நம்பினார். “நம்ம கையில என்னம்மா இருக்கு, விடு” என்றார். எனக்கு அவனிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ‘மாமா காலேஜ்ல விசாரிச்சப்ப சொன்னாங்களாம். அது எனக்குப் பெரிய விஷயமே இல்ல. ஆனா நீங்களே சொல்லியிருக்கலாம்.’

நாளைக்குச் சொல்வதாகத்தான் இருந்தேன் என்று பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகு அதைப் படித்துப் பார்த்தேன். எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. மாட்டிக்கொண்ட பிறகு எல்லோரும் சொல்கிற வாக்கியம்தானே அது? அவனிடமிருந்து ‘ம்’ என்று ஒற்றை எழுத்து வந்தது. அதோடு சரி.

திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் நேரே கல்லூரிக்குப் போனேன். அன்று காலையில்கூட ஹெல்ப் டெஸ்க்கில் யாரோ ஒரு அப்பாவிடம் அந்த வாசகத்தைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

“வா வா, கல்யாணப் பொண்ணே! நாள் குறிச்சாச்சா?”

“என்னைப் பத்தி விசாரிக்க வந்தவங்ககிட்ட என்னக்கா சொன்னீங்க?”

“நல்லதாத்தான் சொன்னேன், வேற இன்னா சொல்லுவேன்? பெரிய மனுஷன், பாவம், வெயில்ல வந்தாரு. ஒக்கார வெச்சு, ஃபைல எடுத்துக் காமிச்சேன். ‘இந்த மாரி பொண்ணு தேடினாலும் கெடைக்காது சார். மூணாவது வருசம் டிபி வந்து படுத்துச்சு, ஒரு செமஸ்டரே போயிட்ச்சு. வேற பொண்ணா இருந்தா படிப்ப வுட்டுட்டு ஊட்ல குந்திகினு இருக்கும். இது திரும்பி வந்து அத்தினியும் எழுதி ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிச்சு’ன்னு சொன்னேன். அசந்துட்டாரு!”

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். தன் மகளைப் பற்றிச் சொல்கிற மாதிரி கண்கள் மின்னின. கத்த வேண்டும் என்று வந்த நான் ஓட்டைக்கு எதிரே குனிந்தேன்.

“இடம் கலைஞ்சு போச்சுக்கா.”

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. “இதுக்கா?” என்றார். “கொணமாயிட்ச்சுன்னு சொன்னேனே பாப்பா! டாக்டர் சர்ட்டிபிகேட்டயும் காமிச்சேனே!” கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். பிறகு எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி ஓட்டைக்கு அருகில் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒண்ணு. அப்பா ஃபேக்டரியில எந்த செக்‌ஷன்னு அந்த ஆளு நோண்டி நோண்டிக் கேட்டாரு. அத மட்டும் நான் மூச்சு வுடல பாப்பா.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அப்பா தொட்டு வேலை செய்யும் இரும்புக்கு இருந்த மரியாதை என் நுரையீரலுக்கு இல்லை. அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை அவர் மேல் கொட்ட முடியவில்லை, யார் மேல் கொட்டுவது என்றும் தெரியவில்லை.

தெரிந்த வேலை ஒன்றுதான். “அக்கா, ஒரு வெள்ளைப் பேப்பர் குடுங்க” என்றேன். பேனாவையும் அவரிடமே வாங்கினேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பிரின்சிபாலுக்குக் கடிதம் எழுதினேன். என் மதிப்பெண், வருகைப் பதிவு, மருத்துவ விவரம் எதையும் என் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் யாருக்கும் வாய்மொழியாகவோ நகலாகவோ தரக் கூடாது என்று எழுதினேன். ‘யாருக்கும்’ என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அக்காவின் கணக்கில் அப்பாக்கள் அதில் அடங்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். வெயிலில் மருத்துவச் சான்றிதழோடு இதே வராந்தாவில் நின்ற அப்பாவின் முகம் வந்து போனது. பிறகு ‘பெற்றோர் உட்பட’ என்று சேர்த்தேன்.

அக்கா அதை வாய் அசைய மெதுவாகப் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

“இன்னா பாப்பா, இதுல அப்பா கையெழுத்து இல்லியே?”

“அக்கா, எனக்கு இருபத்தஞ்சு வயசாகுது. இது என் மார்க், என் உடம்பு. என் கையெழுத்து போதும்.”

“போதும்தான். இருந்தாலும் அப்பா கையெழுத்து ஒண்ணு இருந்தா லெட்டருக்கு ஒரு வெயிட்டா இருக்கும்ல?”

“இருக்காதுக்கா. அப்படி இருக்கக் கூடாதுன்னுதான் இந்த லெட்டரே.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் நகரவில்லை. என்ன நினைத்தாரோ, மேசை இழுப்பறையிலிருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, ஊதி, கடிதத்தில் குத்தினார். என் ஃபைலைத் தேடி எடுத்து மேலாகக் கோத்து வைத்தார். “சரி, மூஞ்சத் தொடச்சிக்க. நீ போ. நா பாத்துக்கறேன்” என்றார்.

நா பாத்துக்கறேன் என்றால் அவர் பார்த்துக்கொள்வார். அது எனக்குத் தெரிந்ததுதான். என் படிப்பையே காப்பாற்றிய வார்த்தை அது. கல்லூரி வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோது, அந்த வாரத்தில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. போனது திரும்பாது, ஆனால் இனி ஒருவன் போய்க் கேட்டால் அந்தக் கடிதம் குறுக்கே நிற்கும். அக்காவாலும் ஒருநாள் புரிந்துகொள்ள முடிகிறது என்று நினைத்தேன். அவர் மேல் பாசம்கூட வந்தது.

ஆவடி பஸ் ஒன்று நிற்காமல் போனது. இன்னொன்று கூட்டத்தில் ஏற முடியாமல் போனது. ஃபேக்டரியில் ஷிஃப்ட் விடுகிற நேரம் ஆகிவிட்டது. போன் அடித்தது, அப்பா. கேட்டில் பெட்டியைத் திறந்து போனை எடுத்தவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டு கூப்பிடுகிறார் என்பது பின்னால் கேட்ட சைக்கிள் மணிகளிலும் பேச்சுச் சத்தத்திலும் தெரிந்தது.

“என்னம்மா, காலேஜ்ல போய் ஏதோ லெட்டர் குடுத்தியாமே?”

அப்பாவுடைய ஷிஃப்ட் எப்போது முடியும் என்று அறிந்து, அவர் போனைத் தொடுகிற அந்த நிமிடத்தைக் கணக்காகப் பிடித்துக் கூப்பிட இந்த ஊரில் ஒரே ஒருவரால்தான் முடியும். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் நான் கேட்டு வளர்ந்த வாக்கியத்தையே எடுத்தேன்.

“அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுப்பா.”

பின்னால் சைக்கிள் மணிகள் அடித்துக்கொண்டே இருந்தன.

“நீ சொல்ல வேண்டாம்மா,” என்றார் அப்பா. “அந்த மேடம் போன்லயே முழுசா படிச்சுக் காட்டிட்டாங்க. ‘பெற்றோர் உட்பட’ங்கிற இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிச்சாங்க.”